நீதிபதி கோரின் விலகிக்கொண்ட வழக்கு

"அந்த மூட்டைக்குப் பசிக்குதா?"

மழையில் தொப்பலாக நனைந்து, மூச்சிரைக்க உள்ளே நுழைந்த கோரின் மெர்சியே கேட்ட முதல் கேள்வி இதுதான்.

திங்கட்கிழமை மதியம் என்றால் நியூ ஆர்லியன்ஸ் முழுக்கச் சிவப்பு பீன்ஸும் சோறும்தான். டோராவின் கடையில் எள் போட இடமில்லை. ஒரே ஒரு நாற்காலியில் மட்டும் ஆள் இல்லை... ஆனால் அதில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு சாக்குமூட்டை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தவர் நிதானமாகத் திரும்பினார். வெயிலில் கறுத்த முகம், நரைத்த தாடி. கண்கள் மட்டும்... அடடா, அந்தக் கண்கள்! மழை விட்ட பிறகு வளைகுடாத் தண்ணீருக்கு ஒரு பச்சை வருமே, அந்தப் பச்சை.

"மூட்டை உங்களுக்கு முன்னாடியே வந்துடுச்சு மேடம். வரிசைப்படி பார்த்தா அதுக்குத்தான் இடம்."

"அது என்ன சாப்பிடப் போகுதாம்?"

"அது எதுவும் சாப்பிடாது. அதைத்தான் எல்லாரும் சாப்பிடுவாங்க. உள்ள இருக்கிறது சிப்பி."

"அப்ப கீழ வைங்க."

"கீழ வெச்சா டோரா என்னையும் சேர்த்து வெளிய வெச்சிடுவா. இப்பத்தான் தரையைத் துடைச்சா."

கல்லாவுக்குப் பின்னால் நின்ற டோரா கரண்டியை ஓங்கினாள். "லூக்கா! வாயை மூடிக்கிட்டு மூட்டையைப் பின்பக்கம் கொண்டுபோ கண்ணு. அந்தம்மா பாவம், கோழிக்குஞ்சு மாதிரி நடுங்குறாங்க."

அவர் மூட்டையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து, தன் சட்டைக் கையாலேயே நாற்காலியைத் துடைத்துவிட்டார். கோரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தாள்... நினைவு வரவில்லை.

அந்தம்மா யாரென்று டோராவுக்கும் தெரியாது, லூக்காவுக்கும் தெரியாது. நமக்குத் தெரிந்தால் பாதகமில்லை. நாலு தெரு தள்ளியிருக்கும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி அவள். டிராம் பழுதுபார்ப்பவரின் மகள். பகலில் தட்டச்சு, மாலையில் சட்டக்கல்லூரி என்று படித்து முடித்தாள். பதினொரு வருஷம் அரசு வக்கீல், பிறகு கீழ்க்கோர்ட்டில் நீதிபதி, அதன் பிறகு இந்த ஆயுட்காலப் பதவி. இதில் மட்டும் பத்தொன்பது வருஷம். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் தனக்கு வந்த ஒரு வழக்கையும் அவள் விட்டதில்லை. கை முறிந்தபோதுகூடக் கட்டோடு வந்து உட்கார்ந்தாள். நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் பேசுகிற வக்கீலை, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான், பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

கல்யாணம்? "நானா, சட்டப் புத்தகமா?" என்று இருபத்தாறு வயதில் ஒருவன் கேட்டான். பதில் சொல்ல அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. இப்போது வயது ஐம்பத்தெட்டு.

அவள் நுழைந்தால் மன்றமே எழுந்து நிற்கும். 'நீதிபதி' என்று சொன்ன மாத்திரத்தில் எதிராளியின் முதுகு விறைத்துவிடும், சிரிப்பு நின்றுவிடும். அதனால்தான் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று லூக்கா கேட்டபோது இப்படிச் சொன்னாள்.

"அரசாங்க வேலை. நிறையப் படிப்பேன்... கொஞ்சம் எழுதுவேன்."

"படிக்கிறதுக்குச் சம்பளமா? கொடுத்து வெச்சவங்க!"

அடுத்த திங்கட்கிழமை மழை இல்லை. ஒதுங்க வேண்டிய அவசியமும் இல்லை. இருந்தாலும் கோரினின் கால்கள் டோராவின் கடைக்குத்தான் நடந்தன. பக்கத்து நாற்காலியில் லூக்காவின் தொப்பி இருந்தது.

"யாருக்கு இடம் பிடிச்சிருக்கீங்க?"

"போன வாரம் என் மூட்டையோட சண்டை போட்ட ஒரு அம்மாவுக்கு."

இப்படியே ஏழு திங்கட்கிழமைகள். அவர் மனைவியை இழந்து ஒன்பது வருஷம் ஆகிறது என்று தெரிந்துகொண்டாள். சிப்பியைத் திறக்கும்போது நாக்கை லேசாகக் கடித்துக்கொள்வார் என்பதையும் கவனித்தாள். ஏழாவது வாரம், சிப்பி பிளக்கும் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று அவள் விரல்களைப் பிடித்துக் காட்டினார். அந்தப் பிடி, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே நீடித்தது... அவளும் கையை எடுக்கவில்லை. அவர் மட்டும் ஏதோ சொல்ல வந்து தலையை ஆட்டிக்கொண்டார்.

"அடுத்த மாசம் எனக்கு ஒரு தலைவலி இருக்கு. ஆனா அதைப் பத்தி இங்க பேச மாட்டேன். வாரத்துல இந்த ஒரு மணி நேரம்தான் அதை மறந்திருக்கேன்."

மறுநாள் காலை, குலுக்கலில் அவளுடைய அமர்வுக்கு விழுந்த வழக்குக் கட்டுகள் மேஜைக்கு வந்தன. மூன்றாவது கட்டின் மேல் இருந்த பெயர், லூக்கா பெத்ரிச். தொழில், சிப்பி வளர்ப்பு.

ஊரில் லூக்காக்களுக்கா பஞ்சம்? வேறு யாராகவாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே புரட்டினாள். ஒரு கப்பல் நிறுவனம், தன் கப்பல்கள் போக வளைகுடாவில் வாய்க்கால் தோண்டுகிறது. அள்ளுகிற சேறு முழுவதும் அவருடைய சிப்பிப் படுகையின் மேல் விழும். கீழ்க்கோர்ட் வேலையை நிறுத்தியிருந்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்கு வந்திருக்கிறது. சாட்சியத்தில் அவர் சொல்லியிருந்தார்: 'தண்ணிக்கு அடியில இருக்குன்னா அங்க ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் கிடையாதுங்க.'

அந்த வரியை அவள் படிக்கவில்லை. கேட்டாள்... அவருடைய குரலிலேயே.

பிறகு நிறுவனத்தின் மனுவை எடுத்தாள். பென்சில் தானாக ஓடியது. இங்கே ஒரு ஓட்டை, அங்கே ஒரு ஓட்டை... நாலாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. எதிர்த்தரப்பைத் தோற்கடிக்கிற சந்தோஷத்தில் அல்லவா குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள்! தன்னை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது.

அடுத்த நாள், அமர்வின் மூத்த நீதிபதி ஆக்டனிடம் போய் விஷயத்தைச் சொல்லி, வழக்கிலிருந்து விலகப்போவதாகச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"ஒண்ணா உட்கார்ந்து பீன்ஸ் சாப்பிட்டதுக்கெல்லாம் விலகினா, இந்த ஊர்ல எந்த கோர்ட்டும் நடக்காது கோரின். சொந்தமா?"

"இல்லை."

"பழைய கட்சிக்காரரா?"

"இல்லை."

"அப்புறம் அவர் உனக்கு யாரு?"

கோரின் வாயைத் திறந்தாள். பத்தொன்பது வருஷமாக எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த வாய்... ஒன்றும் வரவில்லை. ஆக்டன் அவள் முகத்தையே பார்த்தார். அவருடைய சிரிப்பு மெல்ல அடங்கியது.

"ஓ..." என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "உன் இடத்துக்கு வேற யார் வருவாங்கன்னு யோசிச்சியா?"

ராத்திரி முழுக்க அதைத்தானே யோசித்தாள்! இந்த மாதிரி வழக்குகளில் அவள் எழுதிய தீர்ப்புகள் எல்லோருக்கும் தெரியும். அவள் இருந்தால் அவருக்கு ஒரு வழி உண்டு. விலகினால்... அந்தப் படுகை சேற்றுக்கு அடியில் போனாலும் போகலாம். அவள் செய்யக்கூடிய ஒரே உதவி அந்த நாற்காலியில் உட்காருவது. அதை மட்டும்தான் செய்யக் கூடாது.

விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். காரணம் எழுதத் தேவையில்லை என்பது எவ்வளவு பெரிய புண்ணியம்!

அந்த வழக்கு விசாரணைக்கு வரும்வரை டோராவின் கடைப் பக்கமே போகவில்லை. நாலு திங்கட்கிழமைகள்... ஒவ்வொன்றும் ஒரு வருஷமாக நகர்ந்தது.

விசாரணை நாளன்று சோவென்று மழை. மாலை ஐந்து மணிக்கு அவள் வெளியே வந்தபோது, கோர்ட் வாசல் தூணருகே லூக்கா நின்றிருந்தார். பழகாத கோட்டு, கழுத்தை நெரிக்கிற டை. அந்தக் கண்களில் சிரிப்பே இல்லை.

"நிறையப் படிப்பீங்க... கொஞ்சம் எழுதுவீங்க. இல்லையா ஜட்ஜம்மா?"

"லூக்கா..."

"சுவத்துல உங்க போட்டோ பார்த்தேன். எங்க வக்கீல்கிட்ட கேட்டேன். 'அந்தம்மா இருந்திருந்தா நமக்கு தெம்பா இருந்திருக்கும், என்னவோ விலகிட்டாங்க'ன்னு சொல்றார். பத்தொன்பது வருஷத்துல ஒண்ணைக்கூட விட்டதில்லையாமே? என்னோடதை மட்டும் ஏன்? சிப்பிக்காரனோட பழகினது வெளிய தெரிஞ்சா கேவலமா?"

"கேஸைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"அப்ப கேஸை விட்டுட்டுப் பேசுங்க!"

மழை அவர் கோட்டின் ஒரு தோளை நனைத்துக்கொண்டிருந்தது. கோரின் தலையை நிமிர்த்தினாள்.

"அந்த நாற்காலியில உட்காரணும்னா எதிர்ல நிக்கிற ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணா இருக்கணும். நீங்க... எனக்கு அப்படி இல்ல. நீங்க ஜெயிக்கணும்னு காகிதத்தைத் திறக்கிறதுக்கு முன்னாடியே என் மனசு முடிவு பண்ணிடுச்சு. உங்களை நான் நேசிக்கிறேன் லூக்கா. அதான் விலகினேன். அதனால உங்க படுகை போனாலும் போகலாம். அது தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"பேசாம இருந்திருக்கலாமே," என்றார் அவர் மெதுவாக. "எனக்குச் சாதகமா எழுதிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் எந்த முகத்தோட உங்க பக்கத்துல வந்து உட்காருவேன்?"

லூக்கா டையை ஒரே இழுப்பில் தளர்த்தினார்.

"ரெண்டு வருஷமா கோட்டுப் போட்டவன் எல்லாம் என்கிட்ட நல்லவன் மாதிரிதான் பேசினான். உங்க ஒருத்தர் வாயிலதான் நெசத்தைக் கேட்டிருக்கேன். கேளுங்க கோரின். நான் தோத்துட்டா உங்க மேல எனக்குக் கோபம் வரும். நல்லாவே வரும்."

"வரட்டும். நியாயம்தான்."

"ஆனா எங்கயும் போக மாட்டேன். உங்க கையைப் பிடிச்சுக்கிட்டேதான் கோபப்படுவேன்."

கையை நீட்டினார். நீதிபதி கோரின் மெர்சியே இந்த முறை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.