பனி இறங்காத வட்டம்

மார்கழி பிறந்து நாலாம் நாள் விடியலில், மூங்கில் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தன் கிரீனுக்கு ஏறிய சிவனம்மாள், பாலாடை போலப் புல்மேல் படர்ந்து கிடந்த பனிக்கு நடுவே, சொம்பின் வாயளவுக்கு ஒரு வட்டம் மட்டும் நனையாமல் கிடப்பதைக் கண்டாள்.

கன்னிவாடிக்கு இந்தப் பக்கம், மலையடிவாரத்தில், மில் முதலாளி ஒருவர் போட்டு வைத்த கோல்ப் மைதானம் அது. மொத்தம் ஒன்பது குழிகள். ஒவ்வொரு குழியையும் சுற்றிப் பாய் விரித்தாற்போல ஒட்ட வெட்டிய புல்தரைக்குத்தான் கிரீன் என்று பேர். ஒரு பெண்ணுக்கு ஒரு கிரீன். ஐப்பசி மழை ஓய்ந்ததும் தரையைக் கம்பியால் குத்தித் துளை போட்டு, சலித்த மணலைத் தூவிப் பெருக்கி, கார்த்திகை முழுக்கக் குந்தியிருந்து கோரை பிடுங்கி, மார்கழி வந்தால் வெயில் ஏறுமுன் கழியை வீசிப் பனியைத் தட்டிவிட வேண்டும். தட்டாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். பங்குனியில் தண்ணீர் வற்றியதும் புல்லும் உறங்கிவிடும், பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த வருஷம், அது இரண்டாயிரத்து மூன்று, ஒரே ஒருத்தியை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். தை மாதம் முதலாளியின் விருந்தாளிகள் ஆட வரும்போது எவளுடைய கிரீன் நன்றாக இருக்கிறதோ, அவளுக்கு.

யாருக்குக் கிடைக்கும் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஐந்தாம் கிரீன் செபாஸ்தியம்மாளுக்கு.

சிவனம்மாள் இந்த மைதானம் போடக் கல் பொறுக்கிய காலத்திலிருந்து இருக்கிறவள். மற்றவள் போன வருஷம் வந்தவள். ஆனாலும் செபாஸ்தி கை வைத்த புல் அப்படிப் பொங்கியது. சூப்பர்வைசர் நாச்சிமுத்து ஒட்டன்சத்திரத்துக்காரர், வாய் சும்மா இருக்காது. "ஏனம்மிணி, அஞ்சாம் நெம்பர்ல மெத்தையாட்டப் படுத்துத் தூங்கலாமுங்க. உங்குளுது சொறி புடிச்ச ஆட்டுத்தோலாட்டம் இருக்குது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் சிரித்தார்கள். செபாஸ்தியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சிவனம்மாளின் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றுபோயிற்று.

அவள் செய்தது ஒன்றும் பெரிய களவில்லை, கண்ணுகளா. குழியை ஒரே இடத்தில் விட்டால் சுற்றிலும் மிதிபட்டுப் புல் செத்துவிடும் என்பதால், மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுவார்கள். இரும்புக் குழாயை அழுத்தித் திருகினால், புல்லோடு சாண் நீள மண்கட்டி ஒன்று வரும். அதைக் கொண்டுபோய்ப் பழைய குழியில் வைத்து அமுக்கிவிடுவார்கள். கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செபாஸ்தி பூசைக்குப் போயிருந்தபோது, சிவனம்மாள் வாய்க்காலைத் தாண்டினாள். ஐந்தாம் கிரீனின் நடுவிலிருந்து கொழுத்த கட்டி ஒன்றை எடுத்துத் தன் பழைய குழியில் வைத்தாள். தன்னுடைய வறட்டுக் கட்டியை அங்கே செருகினாள். அவ்வளவுதான்.

அந்த இடத்தில்தான் இப்போது பனி இறங்கவில்லை.

குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி சுடுவதுபோல.

காலைச் சாப்பாட்டுக்குத் தூக்குச்சட்டியோடு வந்து உட்கார்ந்த செபாஸ்தி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அக்கா, என் கையத் தொட்டுப் பாரேன்."

கிணற்றுக்குள் கிடந்த கல்லைத் தொட்டதுபோல் இருந்தது.

"ஒனக்கென்னடி, சூப்பர்வைசரு ஐஸு வச்சு வச்சுக் குளுந்துபோயிட்ட."

செபாஸ்தி சிரிக்கவில்லை. "என் கிரீன்ல ஒரு கட்டி என்னுது இல்லக்கா. யாரோ மாத்தி வச்சிருக்காக. நீ பாத்தியா?"

"புல்லுல என்னடி ஒன்னுது என்னுது? பேரா எழுதிக் கெடக்கு?"

"தெரியும்ல. அந்த எடத்துலருந்துதான்க்கா குளிரு ஏறுது. எடுத்தவுக திருப்பி வச்சுட்டாப் போதும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

செத்த நேர வேலை. ஒரு திருகு, ஒரு அமுக்கு. சிவனம்மாள் சட்டியில் கையை அலம்பிக்கொண்டே, "நான் பாக்கலத்தா" என்றாள்.

வட்டம் வளர்ந்தது. சொம்பின் வாயளவு முறத்தளவாயிற்று, முறம் பாயளவாயிற்று. பனி இறங்காத அந்த இடத்துப் புல் விரலுக்கு வழுக்கிக்கொண்டு, பட்டுபோல, கருகருவென்று அடர்ந்தது. வாய்க்காலுக்கு அப்பால் ஐந்தாம் கிரீன் வைக்கோல் நிறத்துக்குப் போனது. செபாஸ்தியின் கன்னம் ஒட்டியது. உச்சி வெயிலிலும் போர்வை இறங்கவில்லை. நாச்சிமுத்து சிவனம்மாளின் நாலாம் கிரீனில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். "என்ன மாயம் பண்ணுனீங்க அம்மிணி?" என்றார். மீன்முள் கரைந்து இறங்கியது. அன்று ராத்திரி சிவனம்மாள் இரண்டு தரம் சோறு போட்டுத் தின்றாள்.

ஆட்டத்தன்று விடியலில் கழியோடு வந்தவள், கிரீனின் விளிம்பிலேயே நின்றுவிட்டாள்.

வட்டம் இல்லை. வெள்ளைப் பனிக்கு நடுவே, பனி இறங்காத புல், ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருக்கும் உருவத்தில் கிடந்தது. மடக்கிய முழங்கால். கன்னத்துக்கு அடியில் கொடுத்த கை. முதுகில் புரளும் சடை. தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த, பாயைவிட்டு எழாத உடம்பின் வாசனை காற்றில்லாத அந்த விடியலில் மெல்ல மேலேறி வந்தது. காற்றே இல்லை. ஆனாலும் விலா இருக்கவேண்டிய இடத்துப் புல் எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது.

"அதுக்குள்ளாற பனி தட்டிட்டீங்களா? பலே!" நாச்சிமுத்து பின்னால் வந்து நின்றார். அவர் கண்ணுக்குப் புல் மட்டும்தான் தெரிந்தது. சுண்ணாம்புக் கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். "கெஸ்டெல்லாம் காரைவிட்டு எறங்கிட்டாங்க. குழியை இங்க வெட்டிருங்க. சுத்தமா வெட்டோணும். முதலாளிகிட்ட உங்க பேரைத்தான் சொல்லியிருக்கறனுங்க."

புள்ளி, அந்த உருவத்தின் இடது மார்பில் விழுந்திருந்தது.

சிவனம்மாள் வாய்க்காலுக்கு அப்பால் பார்த்தாள். மங்கலான வெளிச்சத்தில் செபாஸ்தி தன் கிரீனில் குந்தியிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து முகம் மட்டும். இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு.

வேறு இடத்தில் வெட்டலாம் என்று சொல்லியிருக்கலாம். கை வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

"என்னங்க, அஞ்சாம் நெம்பர் அம்மிணியக் கூப்புடட்டுமா?"

"வேணாம்" என்றாள் சிவனம்மாள். "நானே வெட்டுறேன்."

குழாயை வைத்தாள். அழுத்தினாள். மண் மண்ணாக இல்லை. இழுவையாக இருந்தது. திருகினாள். எங்கோ யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மறுபடி திருகினாள். தூக்கினாள்.

குழியிலிருந்து ஆவி வந்தது. ஒரே ஒரு தரம். நீளமாக. பிறகு வரவில்லை.

"அருமை" என்றார் நாச்சிமுத்து. விருந்தாளிகளைக் கூப்பிட ஓடினார்.

மண்கட்டி அவளுடைய இரண்டு கைக்குள் இருந்தது. வெதுவெதுவென்று. கனமாக.

துடித்தது.

வாய்க்காலுக்கு அப்பால் செபாஸ்தி அசையவில்லை. பார்வையும் மாறவில்லை. போர்வைமேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. தலைமயிரில். புருவத்தில். பிறகு, மூடாத கண்ணில்.

சிவனம்மாள் கட்டியைப் பார்த்தாள். ஓடினால் பத்தே தப்படி. வாய்க்கால் தாண்டினால் போதும்.

திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அவள் கைக்குள் அது துடித்துக்கொண்டே இருந்தது.