பிரஷ்ஷில் நின்ற சீட்டுகள்

மரமில்லில் வாள் அப்பாவின் வலது கையில் நாலு விரல்களை எடுத்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையைத் துண்டுக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார். அம்மா ஏதாவது கேட்டால் தலையாட்டுவார். மகள் பொடிசு கேட்டால் அதுவும் இல்லை.

பொடிசுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. வீட்டில் அது யாருக்கும் வாயில் வராது.

விடுமுறை நாளன்று லாரி மாமாவும் வெல்டர் மாமாவும் வந்தார்கள். முன்பெல்லாம் வாராவாரம் அப்பாவோடு இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்கள்.

"நாலாவது ஆளு வேலைக்குப் போயிட்டான். பொடிசு உக்காரட்டும்," என்றார் லாரி மாமா.

"சீட்டுப் புடிக்கக் கை வேணும்டா," என்றார் அப்பா.

பொடிசு எழுந்து போய்த் துணி தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து வந்தாள். முள் மேலே இருக்கும்படி அப்பா முன்னால் மல்லாத்தி வைத்து, ஒரு சீட்டைச் செருகினாள். சீட்டு நிமிர்ந்து நின்றது.

"என்னையும் சேத்துத் துவைக்கப் போறியா?" என்றார் அப்பா. ஆனாலும் இடது கையால் அடுத்த சீட்டைச் செருகினார்.

ஆட்டம் இதுதான். எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு எட்டுச் சீட்டு. ஜாக்கிதான் பெரியது, அதற்கு மூன்று புள்ளி. அடுத்தது ஒன்பது, அதற்கு இரண்டு. ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. எல்லாம் கூட்டினால் இருபத்தெட்டு. எத்தனை புள்ளி பிடிப்போம் என்று கேள்வி கேட்க வேண்டும். அதிகமாகக் கேட்டவர் துருப்பு சொல்வார். ஒருவர் இறக்கிய இனத்தையே, ஆர்ட்டின் என்றால் ஆர்ட்டினையே, மற்றவர்களும் போட வேண்டும். அந்த இனம் கையில் இல்லாதவர் துருப்பால் வெட்டலாம். துருப்பு ஏழு, வேறு இன ஜாக்கியையும் சாப்பிட்டுவிடும்.

அப்பாவுக்கு வெல்டர் கூட்டாளி. பொடிசுக்கு லாரி மாமா.

அப்பா பதினாறு கேட்டார். மற்றவர்கள் அதற்கு மேல் கேட்கவே இல்லை. அப்பா ஜெயித்தார். அடுத்த ஆட்டமும் அப்படியே. வெல்டர் மாமா கை தட்டினார்.

அப்பா சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த ஒரு சீட்டைத் திருப்பி லாரி மாமாவிடம் காட்டினார்.

"நான் டைமன் ஒன்பது இறக்கினப்போ இந்த ஜாக்கி உன் கையிலதான இருந்துச்சு? ஏன் ஏழைப் போட்ட?"

லாரி மாமா தலையைச் சொறிந்தார். "கவனிக்கலப்பா."

"இருபது வருசமாக் கவனிச்சவனுக்கு இன்னைக்குக் கண்ணு போயிடுச்சா? எனக்குப் போனது விரலு. மூளை இல்ல." அப்பா எழுந்துவிட்டார்.

அவர் இப்போது போனால் இனி எந்த விடுமுறைக்கும் இந்த மேசைக்கு வரமாட்டார். பொடிசுக்கு அது தெரிந்தது. சீட்டைக் கலைத்துப் போட்டாள்.

"ஒரே ஒரு ஆட்டம்பா."

அப்பா நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"பதினேழு," என்றார்.

"பதினெட்டு," என்றாள் பொடிசு.

"பத்தொம்பது."

"இருபது."

மேசைக்கடியில் ஒரு கால் அவளை இடித்தது.

"லாரி மாமா, ஏன் என் காலை மிதிக்கிறீங்க?"

லாரி மாமாவின் முகம் சிவந்தது. அப்பா முதன்முறையாக மகளை நேராகப் பார்த்தார். "சரி. துருப்பைச் சொல்லு."

"ஆர்ட்டின்."

அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு பிடிக்கும் மல்லுக்கட்டினார். ஆளுக்கு இரண்டு சீட்டு மிஞ்சியபோது பொடிசு பக்கம் பதினெட்டுப் புள்ளிதான் இருந்தது. அப்பா பிரஷ்ஷிலிருந்து கிளாவர் ஜாக்கியை உருவி மேசையில் அறைந்தார்.

பொடிசின் கையில் கிளாவர் இல்லை; ஆர்ட்டின் ஏழும் ஒரு வெற்றுச் சீட்டும்தான். ஏழைப் போட்டால் அப்பா தோற்பார். போட்டாள்.

"வெட்டு."

அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

அப்பா துண்டை விலக்கினார். மிஞ்சிய கட்டை விரலையும் இடது கையையும் வைத்துச் சீட்டைக் கலைக்கப் பார்த்தார். பாதிச் சீட்டு தரையில் சிதறியது. லாரி மாமா குனியப் போனார். பொடிசு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அப்பாவே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வெகு நேரம் ஆயிற்று. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஏழை வச்சுக்கிட்டு என் ஜாக்கியையா வெட்டுற?" என்று சீட்டைப் போடத் தொடங்கினார். "இப்பக் கேளுடி கேள்வி, பாக்கலாம்."