மஞ்சள் கோடும் சிவப்புப் புள்ளியும்

"வெளிய வாம்மா! காருக்கு அடியில இருந்து முதல்ல வெளிய வா!"

கோல்பி போட்ட சத்தத்தில் ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. வெல்டா மெல்ல நகர்ந்து வெளியே வந்து எழுந்து நின்றாள். கையில் ஸ்பேனர். முழங்கை வரை கிரீஸ். அடுப்பில் விட்டுவந்த பன்றிக்கறித் துண்டுகள் கருகும் வாசனை வீட்டிலிருந்து ஷெட் வரை வந்தது.

"என்ன பண்ணிட்டு இருந்த?"

"சும்மா... பாத்தேன்."

"ஸ்பேனரோடயா? ஏப்ரல்ல ரேடியோவுல என்னைக் கெடுத்த. இப்ப காரையே கெடுக்க வந்துட்டியா?"

வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்ற டெஸ்ஸா, "மெதுவா பேசு கோல்பி. அவங்க உன் அம்மா" என்றாள்.

"அதான் பிரச்சனையே! மகன் ஓட்டக் கூடாது. இவங்களுக்கு அவ்வளவுதான் வேணும்!"

வெல்டா ஸ்பேனரைத் துணியில் துடைத்தாள். அன்று சனிக்கிழமை. அந்த ஆண்டின் கடைசிக் கார்ப் பந்தயம் மாலையில்.

ஸ்டாலர்ட் குடும்பத்தின் அணி என்பது அந்த நாலு பேர்தான். காரைச் செய்வது வெல்டாவின் கணவன் ஹார்மன். ஓட்டுவது மகன் கோல்பி. டயர் பார்ப்பது மருமகள் டெஸ்ஸா. பார்வையாளர் மேடையின் கூரைமேல் ரேடியோவோடு நிற்பது வெல்டா. இருக்கையோடு சேர்த்துக் கட்டப்பட்டு ஓட்டுபவனுக்குப் பக்கத்தில் வரும் கார் தெரியாது. கூரைமேல் இருப்பவள்தான் அவன் கண். அவள் 'ஒதுங்கு' என்றால் ஒதுங்குவான், 'வா' என்றால் வருவான். ஏன் என்று கேட்டதில்லை.

ஏப்ரலிலும் கேட்கவில்லை. முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். சில சுற்றுகளே பாக்கி. பெரிய அணிக்காரர் ஒருவர் அவனைப் பார்க்கவென்றே வந்திருந்தார். "தடத்த விட்டு உள்ள வா, பின்னால புகை" என்றாள் வெல்டா. வந்தான். புகையே இல்லை. பெரிய அணிக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெல்டாவுக்கு நெஞ்சுரம் போய்விட்டது என்று ஊர் பேசியது. "ஆமா, பயந்துட்டேன்" என்றாள் அவளும். அன்றோடு ரேடியோ டெஸ்ஸாவிடம் போனது. வெல்டா வீட்டோடு நின்றாள்.

நடந்தது வேறு. அன்று குளிருக்கு ஹார்மனின் கோட்டை மாட்டிக்கொண்டு கூரையேறியிருந்தாள். பையில் கைவிட்டபோது சின்னதாக ஒரு கம்பி தட்டுப்பட்டது. நட்டு கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் காட்டர் பின். வளைக்காத புதுப் பின்.

ஹார்மன் வேலை செய்யும் விதம் அவளுக்கு மனப்பாடம். ஸ்டியரிங் மூட்டின் நட்டை முடுக்கும்வரை பின்னைப் பையில் போட்டு வைப்பான். முடுக்கியதும் துளையில் செருகி வளைப்பான். பிறகு நட்டின்மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பான். கோடு விழுந்த இடத்தை வேறு யாரும் பார்ப்பதில்லை. அது அந்த ஷெட்டின் சட்டம்.

பின் பையில் இருந்தால் மூட்டில் இல்லை. கீழே மகன் முழு வேகத்தில் வளைவுக்குள் போய்க்கொண்டிருந்தான்...

உண்மையைச் சொல்ல முடியுமா? அதே ரேடியோவை ஹார்மனும் கேட்டுக்கொண்டிருந்தான். குளிர்காலத்திலிருந்தே அவன் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பாதி வேலையில் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பான். வேலை பார்த்த மர ஆலை மூடியபின் அவனுக்கென்று இருந்தது இந்தக் கார் ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டால் மனிதன் நாற்காலியோடு நாற்காலியாகப் போய்விடுவான். அதனால் புகை என்றாள். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அன்றிரவே யாருக்கும் தெரியாமல் பின்னைத் துளையில் செருகி வளைத்தாள்.

"என்னடா சத்தம்?" ஹார்மன் உள்ளே வந்தான்.

"அப்பா, உங்க வேலையில இவங்க கை வச்சிருக்காங்க!"

ஹார்மனின் முகம் சுருங்கியது. "என் வேலையிலயா வெல்டா? நான் கோடு போட்டதுக்கப்புறம் இந்த ஷெட்டுல யாரும் தொட்டதில்ல. நீயா..." மகன் பக்கம் திரும்பினான். "கார ட்ரெயிலர்ல ஏத்துடா."

வெல்டா முன் சக்கரத்தை மறித்து நின்றாள். "ஏத்தக் கூடாது!"

"ஏன்?"

அவள் கணவனைப் பார்த்தாள்.

"சொல்லு! இல்லேன்னா நவுரு!" கத்தினான் கோல்பி.

"சொல்ல மாட்டேன். நவுரவும் மாட்டேன். வேணும்னா என் மேல ஏத்திட்டுப் போ."

"என்னத்தக் கெடுத்து வச்சிருக்கேன்னு நானே பாக்கறேன்." கோல்பி விளக்கைப் பிடுங்கிக்கொண்டு காருக்கு அடியில் போனான்.

விளக்கொளி ஒவ்வொரு நட்டாக நகர்ந்தது.

"டெஸ்ஸா... இங்க வா. இது என்ன சிவப்பு?"

டெஸ்ஸா குனிந்தாள். ஒவ்வொரு மஞ்சள் கோட்டுக்கும் பக்கத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளி. பிரேக்கில், சக்கரத் தண்டில், இருக்கை பெல்ட் போல்ட்டில்... எங்கும்.

"இது அன்னையர் தினத்துக்கு நான் அத்தைக்கு வாங்கிக் குடுத்த நகப்பூச்சு! ஒரு நாள்கூட விரல்ல போடலையேன்னு நான் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேனே..."

"ஒண்ணுல மட்டும் இல்ல" என்றான் கோல்பி. குரல் மாறியிருந்தது. "இடது ஸ்டியரிங் மூட்டு. கோடு இருக்கு. பின் இல்ல." இரண்டு விரலால் நட்டைப் பிடித்துத் திருப்பினான். திரும்பியது.

ஹார்மன் தன் கோட்டுப் பைக்குள் மெல்லக் கைவிட்டான். வெளியே வந்த கையில் அந்தப் பின் நடுங்கியது. நாலு பேரும் அதையே பார்த்தார்கள்.

கோல்பி வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஏப்ரல்லயும்... இதுதானா? புகை இல்லியா?"

"புகை இல்லப்பா. அன்னையில இருந்து ஒவ்வொரு கோட்டையும் நான் திரும்பப் பாத்துதான் புள்ளி வெக்கறேன்."

"ஏன் வெல்டா சொல்லல? எங்கிட்டயாவது..." என்றான் ஹார்மன்.

"சொன்னா நீ ஷெட்டுக்கு வர்றதையே நிறுத்திடுவ."

கோல்பி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டான். "ஊரு பூரா பயந்தாங்கொள்ளின்னுச்சு... நானும்தானேம்மா சொன்னேன்!"

"பயந்தது நெசம்தானேடா" என்றாள். அதற்குமேல் அவளாலும் தாங்க முடியவில்லை. அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆறு மாதம் அடக்கி வைத்த அழுகை.

ஹார்மன் பெயிண்ட் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தான்.

"எங்க போற?" வெல்டா கண்ணைத் துடைத்தபடி ஸ்பேனரை நீட்டினாள். "நட்டு லூசாக் கெடக்கு. நீ முடுக்கு, பின் நான் போடறேன்."

அவன் நின்றான். ஸ்பேனரை வாங்க வெகுநேரம் ஆயிற்று. வாங்கினான்.

மாலையில் கூரைமேல் டெஸ்ஸா ரேடியோவைக் கழற்றி மாமியார் தலையில் மாட்டினாள். "உங்க எடம் அத்தை. எனக்கு இந்த ஒசரம் ஒத்துக்கவே இல்ல."

"அம்மா, கேக்குதா?" காருக்குள்ளிருந்து கோல்பியின் குரல்.

"கேக்குது."

"ரெண்டும் இருக்கா?"

"மஞ்சளும் இருக்கு, சிவப்பும் இருக்கு."

கீழே கார்களுக்குப் பக்கத்தில் நின்ற ஹார்மன் அண்ணாந்து அவளைத் தேடினான். கண்டுபிடித்ததும் கோட்டின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினான். காலி.

வெல்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பச்சைக் கொடி அசைந்தது.

"போ கண்ணு" என்றாள்.