ஏடு கட்டாத பால்

மகனின் வாயில் அவளுடைய பால் மணக்கவில்லை.

லிண்டால்வா முதலில் அதைத் தன் மூக்கின் குற்றம் என்றுதான் நினைத்தாள். பெலெம் நகரத்து மழை வழக்கம்போல மதியத்திலேயே இருட்டிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியின் தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்தது. ஈரச் சுவரின் பூஞ்சை நெடியும், கையில் தடவும் மருந்தின் காரமும், தாய்மார் தங்கும் அறையிலிருந்து வந்த மீன் குழம்பு வாசனையும் கலந்து, குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்குள் யாரோ விட்ட மூச்சைப் போல வெதுவெதுப்பாகத் தேங்கி நின்றன. மார்போடு துணியால் கட்டியிருந்த பெனெடிட்டோவின் பக்கம் மறுபடியும் குனிந்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பிள்ளை. வயிற்றுக்குப் பால் போகும் மெல்லிய குழாய் அவன் உதட்டோரம் நுழைந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு தித்திப்பு வாசனை. புதுப் பால்மாவு டப்பாவின் மூடியைத் திறந்ததும் எழுமே, அது.

"என் பாலைத்தானே குடுக்கறீங்க?"

நர்ஸ் சொக்கோரோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பின்னே யார் பாலைக் குடுப்பாங்க? புட்டியில உன் பேர்தானே ஒட்டியிருக்கு. ஊரெல்லாம் வெள்ளம். வீடு வீடாப் போய்த் தானப் பால் வாங்கிட்டு வர்ற தீயணைப்புக்காரங்க வண்டியே வரமாட்டேங்குது. இப்ப அவங்கவங்க பால் அவங்கவங்க பிள்ளைக்குத்தான். மனசைப் போட்டுக் குழப்பிக்காதே கண்ணு."

அவளும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் பார்த்தாள். இவன் குடல் நனைந்த காகிதம் மாதிரி, உன் பால்தான் அதற்குக் காவல் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால்தான் மார் கன்றிப்போகும்வரை பீய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணைக்கு எடினேயா இருந்தாள். முதல் பிள்ளையை இதே வார்டில் வயிறு வீங்கிப் பறிகொடுத்தவள். இப்போது மகள் மார்லியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காத்திருந்தாள்.

"பாருடி, ரெண்டு எருமைங்க. மராஜோ தீவுல கொண்டுபோய் விட்டா அங்க இருக்கிற எருமைங்க நம்மளையும் மந்தையில சேத்துக்கும்" என்பாள் எடினேயா. லிண்டால்வா வலியோடு சிரிப்பாள். எடினேயா மட்டும் சால்வையை மார்மேல் போர்த்தியே உட்கார்ந்திருப்பாள், கூச்சம் என்று. முடிந்ததும் இரண்டு புட்டிகளையும் அவளே எடுத்துக்கொள்வாள். "நீ போய்ப் படு. நான் குளிர்பெட்டியில வெச்சுட்டு வரேன்."

மறுநாள் பெனெடிட்டோவின் வயிறு உப்பியிருந்தது. அதற்கடுத்த நாள் அது மினுமினுத்தது. இழுத்துக் கட்டிய தோலுக்கடியில் நீல நரம்புகள் கிளைகிளையாகப் பரவியிருந்தன. நர்ஸ் குழாயைச் சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்த்தபோது பாசிப் பச்சையில் ஏதோ வந்தது. பாலை நிறுத்திவிட்டு அவனையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். குடல் சுவருக்குள்ளேயே காற்று புகுந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. அதைச் சொன்னபோது லிண்டால்வாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

எடினேயா அவளை மடியில் சாய்த்துக்கொண்டு முதுகை நீவிவிட்டாள். கஞ்சி ஊட்டினாள். ஸ்பூன் வாயருகே வந்தபோது அந்த விரல்களிலிருந்து ஒரு வாசனை வந்தது.

தித்திப்பு வாசனை.

லிண்டால்வா விழுங்கினாள். எழுந்து நடைகூடத்துக்குப் போனாள். குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் வெண்குளிர் முகத்தில் படிந்தது. தன் பெயர் ஒட்டிய புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நேற்று வைத்த பால். மேலே ஏடு இல்லை. அடியில் மட்டும் மாவுப்பொடி திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது.

பக்கத்துப் புட்டியில் எடினேயாவின் பெயர். அதன் கழுத்தில் மஞ்சளாக, கெட்டியாக, ஏடு.

லிண்டால்வாவுடைய ஏடு.

"வெச்சிடு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எடினேயா நின்றுகொண்டிருந்தாள். சால்வை இல்லை. சட்டை உலர்ந்து கிடந்தது.

"உனக்கு எப்பக்கா வத்திப்போச்சு?"

"வெள்ளம் வந்த அன்னிக்கே."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"பாதி குடுத்திருப்ப. பாதி பத்தாதுடி." எடினேயாவின் குரலில் நடுக்கமே இல்லை. "மொதப் பிள்ளைக்கு மாவுப் பால்தான் ஊத்தினாங்க. அது வயிறு போன போக்கை நான் பாத்தேன். இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

"அதான் என்னைப் பாக்க வெச்சியா?"

எடினேயா லிண்டால்வாவின் கையிலிருந்து புட்டியை மெதுவாக, வலிக்காதபடி, வாங்கினாள்.

"லிண்டால்வா! ஓடி வா!" சொக்கோரோவின் குரல் வார்டிலிருந்து கிளம்பியது.

ஓடினாள்.

பெனெடிட்டோவின் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஆட்கள். யாரோ ஒருவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டுப் போனில் கத்திக்கொண்டிருந்தார். ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், வண்டி வராது. அவள் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். தொப்புளைச் சுற்றிக் கருநீலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரவியது. தோலுக்கடியில் தடித்த குடல் சுருள்கள். ஒன்று அசைந்தது. நின்றது. பிறகு எதுவும் அசையவில்லை.

பெனெடிட்டோ அழவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

அழுதது எதிர்ப்பக்கத்துப் பெட்டி. மார்லி. கன்னம் உப்பிச் சிவந்த மார்லி, பசித்து வீறிட்டாள்.

லிண்டால்வாவின் மார் சுரீரென்று கட்டியது.

"வேண்டாம்" என்றாள் தன் உடம்பிடம். கைகளால் அழுத்திப் பிடித்தாள். நிற்கவில்லை. அந்தக் குழந்தை அழ அழப் பால் பொங்கியது. சட்டை நனைந்தது. விரலிடுக்கில் வழிந்தது. தரையில் சொட்டியது.

கதவருகே எடினேயா. அந்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கையில் ஒரு காலிப் புட்டி இருந்தது.