வாசனையில்லாத சுருள்

பிலிம் டப்பாவைத் திறந்ததும் கிடங்குக்காரர் எல்பர்ட் வழக்கம்போல மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். ஒரு வாசனையும் இல்லை.

நைட்ரேட் பிலிம் என்றால் நாறும். பழைய காலுறை மாதிரியோ, புளித்த தேன் மாதிரியோ ஏதோ ஒன்று. ஊமைப்படக் காலத்துச் சுருள் ஒன்று நாறாமல் இருந்தால் மற்றவர்கள் கும்பிடுவார்கள். எல்பர்ட் நம்பவில்லை. வர்ஜீனியா மலையைக் குடைந்து கட்டிய அந்தக் குளிர்ந்த கிடங்கில், ஜன்னலே இல்லாத அறைகளில் குளிரூட்டிகளின் இரைச்சலுக்கு நடுவே, அவர் பக்கத்து டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாம் பழுப்புத் தூள். அழுகல் ஒரு சுருளிலிருந்து அடுத்ததற்குப் பரவும், அது தெரிந்த கதைதான். ஆனால் நடுவில் இருந்த இது மட்டும் புதுசு போல மினுங்கியது.

"என்ன பெருசு, மோப்பம் பிடிச்சு முடிச்சாச்சா?" நடீன் வந்து நின்றாள். படங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறவள். "அரசாங்கமே காப்பாத்தச் சொன்ன படம். இன்னிக்கே ஏத்தணும்."

"கையுறையப் போடும்மா."

"போட்டா ஓரத்துக் கிழிசல் விரலுக்குத் தெரியாது. க்ளைடும் இப்படித்தான் செய்வாரு."

"அவன் பேச்ச எடுக்காதே."

இங்கே கூட வேலை பார்த்த க்ளைட், காணாமல் போன அன்று இந்த அலமாரியில்தான் கடைசியாக வேலை செய்தான். போன குளிர்காலம் முழுக்க அவன் கார் வெளியே பனியில் கிடந்தது. அவன் வரவில்லை.

நடீன் வெறும் விரலால் ஓரத்தைத் தடவியபடி சுருளை ஒளிமேசையில் ஓட்டினாள். எல்பர்ட் உருப்பெருக்கியில் குனிந்தார். தேவாலயத்துக்காரர்கள் வெட்டவெளியில் நீள மேசை போட்டுச் சாப்பிடுகிறார்கள். சோளம், ஆப்பிள் பை. ஒவ்வொரு முகத்தையும் பழுப்புப் புண் தின்றிருந்தது. மேசைக் கோடியில் தொப்பிக்காரன் ஒருத்தன் மட்டும் பல் தெரியத் துல்லியமாக இருந்தான். முகம் பாதி போன ஒருவன் கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. அவன் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி.

"எனக்குப் பிடிக்கல."

"உமக்கு எதுதான் பிடிச்சிருக்கு?" சிரித்துக்கொண்டே சுருளை எடுத்துப் போனாள்.

எல்பர்ட் தூள் டப்பாக்களை ஒதுக்கிவிட்டுத் ஊழியர் அறையில் தன் துணிமணி அலமாரிக்குப் போனார். பக்கத்துக் கதவு க்ளைடுடையது, யாரும் காலி செய்யவில்லை. இடுக்கில் அவன் மாற்றுக் கண்ணாடி தொங்கியது. கயிறு கட்டிய கண்ணாடி. அதே முடிச்சு.

நூற்றாண்டுக்கு முந்தைய மேசையில் க்ளைட்.

அவனும் வெறும் விரலால் தொட்டவன்.

ஓடினார். நடைக்கூடத்தில் விளக்குகள் அவர் வருவதற்கு முன்பே எரிந்தன. ஸ்கேனர் ஓடும் சத்தம் கேட்டது, சீராக, யாரோ மெல்லுவது போல.

"நடீன்! தொடாதே! விடு அத!"



ஸ்கேன் அறைக் கதவைத் தள்ளினார். நாற்காலி சுழன்றுகொண்டிருந்தது. அவள் காபியில் இன்னும் ஆவி. இயந்திரம் தானாகச் சுருளை இழுத்துக்கொண்டிருந்தது. நிறுத்தும் பொத்தானை அடித்தார். நிற்கவில்லை.

இப்போது வாசனை வந்தது. புளித்த தேன். அறை முழுக்க.

திரையில் மேசை. சோளம். க்ளைடுக்குப் பக்கத்தில் இப்போது நடீன். அவள் சட்டை, அவள் வாரிக் கட்டிய முடி. முகம் சுத்தம். உதட்டோரம் மட்டும் ஒரு பழுப்புப் புள்ளி. வாய் திறந்து மூடியது. சத்தமில்லாத படம்.

கோடியில் தொப்பிக்காரன் தலையசைத்தான்.

அவள் கை மெல்ல நீண்டது. தன் மறுபக்கத்தில் புதிதாக முளைத்திருந்த காலி நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டாள். கண் இந்தப் பக்கமே பார்த்தது.

எல்பர்ட் பின்வாங்கினார். கையைப் பொத்தானிலிருந்து எடுக்கப் பார்த்தார். வரவில்லை. ஒட்டிக்கொண்டது. கையுறையின் கட்டைவிரல் நுனி கிழிந்திருந்தது, உள்ளே ஈரம். பழுப்பு. தேன் போல.