பேச்சித்தாயின் இங்கிலீஷ் ஆடுகள்

வாங்க மக்கா, இங்கன என் பக்கத்தில் உட்காருங்க. ஏலே, தள்ளாதே, எல்லாருக்கும் இடமிருக்கு. இங்கிலீஷ் மட்டுமே தெரிந்த ஆடுகளின் கதை ஒன்று சொல்லுதேன்.

சுதந்திரம் வந்த புதிது. சங்கரன்கோவிலில் கோமதித்தாய், பேச்சித்தாய் என்று அக்காளும் தங்கையும் இருந்தார்கள். தங்கை நாலாம் வகுப்பு. அங்கேதான் இங்கிலீஷ் தொடங்கும்.

சார் "கம்" என்றால் பேச்சித்தாய் நகர மாட்டாள். "சிட்" என்றால் அழுவாள். ஒருநாள் பையைத் தூக்கிப் போட்டுவிட்டாள். "இனிப் பள்ளிக்கூடம் போக மாட்டேன்!"

"போகாதே. திங்கட்கிழமை சித்தப்பாகூடக் குருவிகுளம் போய் ஆடு மேய்" என்றார் அப்பா மருதப்பன்.

மந்தையோடு ஊர் ஊராகப் போனால் வீடு திரும்ப மாதக்கணக்காகும். 'விடவே மாட்டேன்' என்று நினைத்தாள் கோமதித்தாய்.

"கம் என்றால் வா. சொல்லுட்டி."

பேச்சித்தாய் கொட்டாவி விட்டாள். எத்தனை தடவை சொல்லியும் கொட்டாவிதான்.

மறுநாள் காலை, வீட்டு ஆடுகள் அவரைச் செடியில் வாய் வைக்கப் போயின. "ட்ரூய்!" என்று ஒரே அதட்டல். அத்தனையும் திரும்பின. அதட்டியது பேச்சித்தாய்!

'அடேயப்பா, இந்தக் குரல் பள்ளிக்கூடத்தில் எங்கே போச்சு?'

இப்படி நினைத்த கோமதித்தாய் சட்டென்று தரையில் கையை ஊன்றினாள். "மே! நான் இங்கிலீஷ் ஆடு. எனக்குத் தமிழ் தெரியாது."

தங்கையின் பாவாடை நுனியைக் கவ்வி மென்றாள்.

"ஐயோ, விடுக்கா!"

ஆடு விடவில்லை.

சார் சொல்லித் தந்த வார்த்தை அப்போதுதான் பேச்சித்தாய் வாயில் வந்தது. "ட்ரூய்! ஸ்டாப்!"

ஆடு உடனே விட்டது. தெருப் பிள்ளைகளும் ஆடுகளானார்கள். பொழுது சாயும்வரை ஒரே கூத்து.

வெள்ளிக்கிழமை கோமதித்தாய் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சார் இங்கிலீஷில் கேட்டபோது பேச்சித்தாய் மறுபடியும் தலை குனிந்தாள். அதே கூடத்தில் இருந்த ஐந்தாம் வகுப்பிலிருந்து கோமதித்தாய் எழுந்தாள்.

"சார், நாங்க ஆடு. அவ மேய்க்கட்டும்."

"இது பள்ளிக்கூடமா, பட்டியா?"

"ஒரே ஒரு தடவை சார்!" அவள் உட்காரவே இல்லை.

"சரி" என்றார் சார். எல்லாரும் "மே" என்று சிதறினார்கள்.

பேச்சித்தாய் நிமிர்ந்தாள். "ட்ரூய்! கம்!"

எல்லாரும் ஓடி வந்தார்கள்.

"ட்ரூய்! சிட்!"

எல்லாரும் உட்கார்ந்தார்கள். சாரும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்! கூடமே சிரித்தது.

"ட்ரூய் இங்கிலீஷ் இல்லம்மா" என்றார் சார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஆனால் திங்கட்கிழமையும் நீதான் மேய்க்கணும்."

திங்கட்கிழமை கம்பும் கையுமாகச் சித்தப்பா வந்து நின்றார்.

"வேற ஆள் பாரு தம்பி. என் மகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு மந்தை காத்துக்கிட்டு இருக்கு" என்றார், நடந்ததையெல்லாம் கோமதித்தாய் சொல்லக் கேட்டிருந்த மருதப்பன்.

உங்க வீட்டிலேயும் பால் பொங்கட்டும் மக்கா, பிள்ளைகள் சத்தம் ஓயாமல் கேட்கட்டும்!