வா என்று சுற்றிய விளக்கு

விளக்கு வட்டமாகத்தான் சுற்றியது. வட்டமென்றால் வா, குறுக்கே ஆட்டினால் வராதே. கல்யாணமான நாளிலிருந்து ஆர்டித்துக்கும் வெர்லினுக்கும் நடுவே அதுதான் ஏற்பாடு. ஆனால் இன்று அது வெர்லினின் கை எட்டுகிற உயரத்துக்கு ஒரு முழம் மேலே சுற்றியது. மேட்டில் ஏறி நிற்கிறான் போலிருக்கிறது என்று ஆர்டித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியைக் கியரில் போட்டாள். அதற்கு மேல் யோசிக்க உடம்பில் தெம்பில்லை.

மத்தியானத்திலிருந்து இடம் தேடி அலைகிறார்கள். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் இந்த மலைக்காட்டில் யார் வேண்டுமானாலும் முகாம் போடலாம், ஆனால் ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது. வீட்டை விற்றுவிட்டு, படுத்துச் சமைக்க வசதியுள்ள டிரெய்லரை வண்டியில் கோத்து இழுத்துக்கொண்டு கிளம்பியவர்களுக்கு இடம் மாற்றுவதே பிழைப்பாகிவிட்டது. மற்ற மாதங்களில் கிளைப்பாதைக்கு ஒரு சமதரையும், யாரோ நெருப்பு மூட்டிய கல் வளையமும் காலியாகக் கிடக்கும். இது எல்க் மான் வேட்டை தொடங்குகிற வாரம். போன இடமெல்லாம் கித்தான் கூடாரங்கள், பீர் பெட்டிகள், கட்டிப்போட்ட கோவேறு கழுதைகள். ஐந்து வண்டி நிற்கக்கூடிய ஓரிடத்தின் நட்ட நடுவில் ஒரு தாடிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தன் மச்சான்கள் நாளைக்கு வரப்போவதாக வெகு மரியாதையாகச் சொன்னார். வாழ்க உங்கள் மச்சான்கள் என்று வாய்வரை வந்தது. அதைச் சொல்லவும் சலிப்பாக இருந்ததால் ஆர்டித் தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

டிரெய்லர் இழுப்பவர்கள் தெரியாத கிளைப்பாதையில் சட்டென்று வண்டியை விடமாட்டார்கள். உள்ளே திருப்ப இடமில்லையென்றால் மொத்தத்தையும் பின்பக்கமாகவே உருட்டி வெளியே கொண்டுவர வேண்டும். இருட்டில் அது ஆகிற காரியமில்லை. அதனால் ஒருவர் முன்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு விளக்கு காட்டுவார். அவர்களில் அது எப்போதும் வெர்லினின் வேலை.

சமீபமாக வெர்லினுக்கு எல்லாம் மறந்துகொண்டு வருகிறது. தேநீர்க் கெட்டிலைக் குளிர்பெட்டியில் வைக்கிறான். கூடப்பிறந்த தங்கை பெயரைக் கேட்டால் விழிக்கிறான். காப்பகத்தில் விட்டுவிடும்படி அந்தத் தங்கை போன் செய்யும்போதெல்லாம் சொல்கிறாள். என் கண் மூடுகிறவரை அவன் என் பக்கத்தில்தான் என்று ஆர்டித் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிவிட்டாள். ஆனால் தரையில் கால் வைத்த மாத்திரத்தில் அதன் சரிவைச் சொல்லவும், தாழ்ந்த கிளையைக் கண்டுபிடிக்கவும் அவனுக்கு இன்னும் மறக்கவில்லை. இந்த ஒரு வேலையையும் பிடுங்கிக்கொண்டால் அவனிடம் என்ன மிச்சமிருக்கும்? அந்தப் பயத்தில்தான் இருட்டிய பிறகும் அவன் கையில் டார்ச்சைக் கொடுத்து அனுப்பினாள். இரண்டு வாக்கி டாக்கிகளில் ஒன்றையும் அவன் சட்டைப் பையில் செருகினாள், பேருக்குத்தான். பொத்தானை அழுத்திக்கொண்டு பேசவேண்டும் என்பது அவனுக்கு ஞாபகம் வருவதில்லை.

தொடக்கத்தில் ஒன்றாயிருந்த பாதை சற்று உள்ளே இரண்டாகப் பிரிந்தது. அவன் எதில் போனான் என்று அவள் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஆறிப்போன காப்பியின் கடைசி வாயைக் குடித்துக்கொண்டிருந்தாள். விளக்கு வலப்பக்கப் பாதையில் தெரிந்தது.

வலப்பக்கமாக வண்டி மெல்ல ஊர்ந்தது. டிரெய்லரின் கொக்கி ஒவ்வொரு குழியிலும் கிறீச்சிட, பைன் கிளைகள் இரண்டு பக்கமும் தகரத்தை நகத்தால் பிறாண்டுவதுபோல உரசிக்கொண்டு வர, சூடேறிய பிரேக்கின் நெடியும் பிசின் வாசமும் புழுதியும் ஜன்னல் வழியே சேர்ந்து வந்து தொண்டையில் உட்கார, விளக்கு மட்டும் எதிரே அவசரமில்லாமல் வட்டமிட்டுக்கொண்டே பின்வாங்கியது. நின்றது. சுற்றியது. மறுபடி பின்வாங்கியது. திருப்புகிற இடத்தில் நிற்கவேண்டும் என்பதையும் இவன் மறந்துவிட்டானா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலின் பின்னாலேயே அழுகையும் வந்தது. ஒருமுறை ஹாரன் அடித்தாள். சத்தம் மரங்களில் மோதித் திரும்பாமல் எதிலோ ஊறிப்போனதுபோல அடங்கியது.

அப்போதுதான் கவனித்தாள். சாயங்காலம் முழுவதும் மலைக்கு மலை கூவிக்கொண்டிருந்த எல்க் ஒன்றின் குரல்கூட இப்போது இல்லை. பிசின் வாசமும் போய்விட்டது. பல வருஷம் பூட்டிக்கிடந்த நிலவறையைத் திறந்தால் வருமே, அந்த ஈர வாடை ஜன்னலில் ஏறியது. கண்ணாடியை ஏற்றினாள். நான்கு கதவுகளையும் பூட்டினாள். உள்ளேயும் அதே வாடை.

முகப்பு வெளிச்சத்தில் பாதையைப் பார்த்தாள். மாவு சலித்துப் பரப்பியதுபோலப் புழுதி. வெர்லின் இடது காலை இழுத்து நடப்பவன். அவன் போன வழியில் ஒரு கோடு இருக்கும். இங்கே கோடு இல்லை. காலடி இல்லை. ஒரு முயல் ஓடிய தடம்கூட இல்லை.

பிரேக்கை அழுத்தினாள். விளக்கும் நின்றது.

மடியில் கிடந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"ஆர்டி? எங்க போயிட்ட? உள்ள பெரிய மரம் ஒண்ணு விழுந்து கெடக்கு, இது சரிப்படாது. ரோட்டுக்கே வந்துட்டேன். வண்டியக் காணோமே."

வெர்லினின் குரல். பொத்தானை அழுத்திப் பேசியிருக்கிறான். இவன் ரோட்டில் நிற்கிறான் என்றால் அங்கே விளக்கை வைத்துக்கொண்டிருப்பது யார்? அங்கே இருப்பது வெர்லின் என்றால், ஒருநாளும் ஞாபகம் வராத பொத்தானை இன்று அழுத்தியது எது? முன்னால் போகவும் பயம். பின்னால் போக வழியில்லை. இறங்கி ஓடலாம் என்று நினைத்தாள். கால் நகரவில்லை. பயத்தில் பாதி, அலுப்பில் பாதி.

வேறு வழி தோன்றாமல் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"வெர்லின், ஒண்ணே ஒண்ணு சொல்லுப்பா. நாம மொத மொதல்ல காட்டுல தங்கினப்ப எதை மறந்துட்டு வந்தோம்?"

அவன் மூச்சு கேட்டது. தேடுகிறான். வழக்கமாக ஒரு சொல்லைத் தேடும்போது நாக்கை மேலண்ணத்தில் தட்டுவான். அந்தச் சத்தமும் கேட்டது.

"தெரியலையே ஆர்டி," என்றான். "மறந்துட்டு வந்தோமா?"

எதிரே விளக்கு அணைந்தது.

பாதை முழுக்க முகப்பு வெளிச்சம் மட்டும். ஒன்றும் அசையவில்லை. பிறகு வலப்பக்க ஜன்னலில் விரல் முட்டி. மெதுவாக. இரண்டு தட்டு.

"கூடாரத்துக் கம்பிய மறந்துட்டோம்."

அதுவும் வெர்லினின் குரல்தான். ஆனால் தடுமாற்றமில்லாத பழைய குரல். அவள் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்த குரல்.

"வண்டிக்குப் பின்னால படுத்தோம். விடியறதுக்குள்ள மழை வந்துச்சு. உன் நீல ஸ்வெட்டர் நனைஞ்சு போச்சு. நீ சிரிச்சுக்கிட்டே இருந்த. வயித்துல கொழந்தை இருந்துச்சு. அது தங்கல. பொண்ணாப் பொறந்தா ஐவின்னு கூப்பிடலாம்னு நெனச்சு வச்சிருந்த."

ஆர்டித் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கம்பியும் மழையும் ஸ்வெட்டரும் வெர்லினுக்குத் தெரியும். அந்தப் பெயரை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெர்லினிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவன் உடைந்துபோவான் என்று மனசுக்குள்ளேயே வைத்துப் புதைத்த பெயர்.

வெளியே நிற்பது வெர்லின் இல்லை. அதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை.

"களைச்சுப் போயிட்ட ஆர்டி. எல்லாத்தையும் நீயே ஞாபகம் வச்சுக்கிட்டுக் கெடக்க. கதவத் தெற. இனிமே நான் வச்சுக்கறேன்."

வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது. "குளுருது ஆர்டி. ஜாக்கெட்ட வண்டியிலயே விட்டுட்டேன் போல. இங்க ரோட்டுலயே நிக்கறேன். வந்துடுவல்ல?"

ஜாக்கெட் பக்கத்து இருக்கையில்தான் கிடந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். வர்றேன் என்று சொல்லத்தான் அழுத்தினாள். சொல்லாமலே பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். தன் கை ஜாக்கெட்டைத் தாண்டி நீளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீண்டது. தாழ்ப்பாளைத் தொட்டது. தூக்கியது.

கதவு திறந்தது. ஈர வாடை உள்ளே வந்து உட்கார்ந்தது. ஜாக்கெட் கீழே தள்ளப்பட்டு எதன் காலடியிலோ நசுங்கியது. அவள் நேராகவே பார்த்துக்கொண்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி முன்னோக்கி உருண்டது. மடியிலிருந்து வெர்லின் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், இன்னொரு தரம் கூப்பிட்டான், அப்புறம் வெறும் இரைச்சலானான்.

முகப்பு விளக்குகள் தாமாக அணைந்தன.

பக்கத்தில் இருந்தது வாயைத் திறந்தது. பற்களின் நடுவிலிருந்து வெளிச்சம் வட்டமாகக் கிளம்பி முன்கண்ணாடி முழுக்கப் பரவியது. பாதை நன்றாகத் தெரிந்தது.